கடற்கரைக் காணி: கைமாறுமுன் கற்க வேண்டிய பாடம்

குச்சவெளி, நிலாவெளி, கல்குடா, பாசிக்குடா, பொத்துவில், அறுகம்பை என உல்லாசப் பயணிகள் நாடிவரும் கிழக்குக் கரை எங்கும் காணி தேடி வருவோர் பலர். ஒரு காலத்தில் வெறும் மணல் என்று சீதனத்திற்கும் கேட்கப்படாத காணிகளுக்கு இன்று பேர்ச் கணக்கில் விலை பேசப்படுகிறது. அக்காணிகளின் உரிமையாளர்களில் பலர் யுத்தத்தாலோ 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலோ இடம்பெயர்ந்து, உறவினர் வீட்டிலும் மாற்றுக் குடியிருப்பிலும் வாழ்ந்தவர்கள். சிலர் இன்னும் அப்படியே வாழ்கிறார்கள். காணியைக் கண்ணால் கண்டு பல வருடங்களான குடும்பங்களிடமும் தரகர்கள் வந்துவிடுகிறார்கள்.

காணியை விற்பதா, வைத்திருப்பதா, குத்தகைக்குக் கொடுப்பதா என்பது அவரவர் குடும்பம் எடுக்க வேண்டிய தீர்மானம். பிள்ளையின் படிப்புக்கும் நோயாளியின் வைத்தியத்திற்கும் காணியை விற்பவரை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் தன் கையில் இருப்பது என்னவென்று அறிந்த பின்னரே அத்தீர்மானத்தை எடுக்க வேண்டும். இம்முறை நாம் கற்கும் பாடம் அதுவே.

முற்றுகைக்குள் ஒரு காணி வாங்கியவர்

விவிலியத்தில் எரேமியாவின் நூல் 32ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் நகரைப் பாபிலோனியப் படை சூழ்ந்திருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய தந்தையின் சகோதரன் மகன் வந்து, சொந்த ஊரான அனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கும்படி கேட்கிறார். ஊரே அழியும் வேளையில் காணி எதற்கு என்று எரேமியா கேட்கவில்லை. 17 வெள்ளிக் காசுகளைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதிக் கையொப்பமிடுகிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் மட்பாண்டத்தில் இட்டு, நெடுங்காலம் கெடாதிருக்கும்படி வைக்கச் சொல்கிறார். வீடுகளும் வயல்களும் மீண்டும் இந்த நாட்டில் வாங்கப்படும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. விலை வெளிப்படையாக நிறுக்கப்பட்டது. சாட்சிகள் இருந்தார்கள். பத்திரம் பாதுகாக்கப்பட்டது. இன்றைய எமது சட்டமும் இவற்றையே கேட்கிறது.

உங்கள் கையில் இருப்பது எந்தப் பத்திரம்?

"எங்களுக்குக் காணி இருக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் காணிப் பத்திரங்கள் எல்லாம் ஒன்றல்ல.

முதலாவது, தனியார் உறுதி. கொள்முதல் உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி முதலியவை இதில் அடங்கும். காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. கடதாசித் துண்டில் எழுதி முத்திரை ஒட்டிக் கொடுப்பது காணியைக் கைமாற்றாது. உறுதியை எழுதும் நொத்தாரிசு மூலப் பிரதியை உரியவரிடம் கொடுக்கிறார். ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்திருக்கிறார். இன்னொன்றைக் காணிப் பதிவகத்திற்கு அனுப்புகிறார். ஆகையால் ஓடும்போது உறுதியைத் தொலைத்தவர்கள் காணியே போய்விட்டது என்று மனம் உடையத் தேவையில்லை. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எழுதப்பட்ட ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடி, உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, அரச காணிக்கான அனுமதிப்பத்திரமும் அளிப்பும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களிலும் கிராம விஸ்தரிப்பிலும் கிடைத்த காணிகள் இவை. எமது விவசாயக் குடும்பங்களில் பலரிடம் இருப்பது இதுவே. அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பெற்ற காணியையும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி எழுத்தில் இன்றிக் கைமாற்ற முடியாது. மாற்றினால் அது சட்டப்படி செல்லாது. "நான் எல்லாம் பார்த்துக் கொள்கிறேன், நீங்கள் கையொப்பம் மட்டும் வையுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களிடம் கேட்பது சட்டம் அனுமதிக்காத ஒன்றையே. விற்ற பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கும், காணியை இழக்கும் ஆபத்தும் உங்கள் தலையிலேயே விழும்.

அனுமதிப்பத்திரக் காணியில் குடியிருக்காமலும் பயிர் செய்யாமலும் விட்டால் அனுமதி இரத்தாகவும் இடமுண்டு. ஆகவே இடம்பெயர்ந்திருப்பவர்கள், எந்த ஆண்டு என்ன காரணத்தால் வெளியேறினோம், காணி இன்னும் எமக்கு வேண்டும் என்பதைப் பிரதேச செயலாளருக்கு எழுதி, கடிதம் கிடைத்ததற்கான அத்தாட்சியை வைத்திருக்க வேண்டும். பின்னுரித்தாளரின் பெயரையும் பதிந்து வையுங்கள். பெயர் குறிக்காமல் பெற்றோர் இறந்தால் ஆண் மக்களுக்கே முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றப்பட்டது. பெண் பிள்ளைகளுள்ள குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

மூன்றாவது, பத்திரம் எதுவுமின்றி நீண்டகாலம் ஆண்டு வந்த காணி. தனியார் காணியை 10 ஆண்டுகள் இடையறாது, தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோரலாம். அரச காணிக்கு இது பொருந்தாது. இச்சட்டம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. நாம் அகதி முகாமில் இருந்த காலத்தில் எமது காணியை வேலியடைத்து ஆண்டவரும் அதே 10 ஆண்டுகளைக் காட்ட முனைவார். இந்த அநீதியைத் தவிர்க்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. யுத்த காலத்தில் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே அதன் நோக்கம். ஆனால் வழக்குத் தொடரக் குறுகிய காலமே தரப்பட்டது. பிறர் பிடித்த காணி உள்ளவர்கள் நாட்களைப் போக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாட வேண்டும்.

பங்குக் காணியில் பதுங்கும் ஆபத்து

பாட்டனார் பெயரில் உள்ள உறுதி, ஆறு பிள்ளைகள், அவர்களில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் காணாமற் போனவர், மற்றவர்கள் மூன்று ஊர்களில். கரையோரக் காணிகள் பல இப்படியே பிரிக்கப்படாத பங்குகளாகக் கிடக்கின்றன. வாங்க வருபவர் எல்லோரையும் தேட மாட்டார். மிகவும் கஷ்டத்தில் இருக்கும் ஒரு பங்காளியைத் தேடிப் பிடிப்பார். அந்த ஒரு பங்கை வாங்கியவுடன் அவரும் காணியில் ஒரு பங்காளியாகிறார். அடுத்து நீதிமன்றத்தில் பங்கீட்டு வழக்குத் தொடர்ந்து கடற்பக்கத் துண்டைக் கேட்கலாம். மற்றவர்களின் பங்குகளையும் மலிவாக விற்கும்படி நெருக்கலாம்.

இதற்கு மருந்து ஒற்றுமையே. பங்காளிகள் எல்லோரும் கூடி, ஒருவர் விற்க வேண்டிவந்தால் முதலில் மற்றவர்களிடம் சொல்வதென உடன்படுங்கள். முடிந்தால் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, எல்லோரும் கையொப்பமிட்ட பங்கீட்டு உறுதி எழுதுங்கள். வெளிநாட்டில் உள்ள சகோதரர் அற்றோர்னித் தத்துவம் அனுப்புவதானால், எந்தக் காணிக்கு, எந்தச் செயலுக்கு என்று குறித்த விசேட தத்துவமாக அனுப்பச் சொல்லுங்கள். எல்லாக் காணிக்கும் எல்லாச் செயலுக்குமான பொதுத் தத்துவத்தை ஒருவர் கையில் கொடுப்பது, வீட்டுத் திறப்பைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

விலையைக் கணக்கிடுதல்

தரகர் உங்களிடம் ஏக்கர் கணக்கில் பேசுவார். வாங்குபவரிடம் பேர்ச் கணக்கில் பேசுவார். ஓர் ஏக்கர் 4 றூட். ஒரு றூட் 40 பேர்ச். ஆக ஓர் ஏக்கர் 160 பேர்ச். உதாரணமாக, ஏக்கருக்கு 20 இலட்சம் என்றால் பெரிய தொகையாகக் காதில் விழும். 160ஆல் பிரித்துப் பாருங்கள்: பேர்ச்சுக்கு 12,500 ரூபாவே. பக்கத்துக் காணி பேர்ச்சுக்கு 60,000 ரூபாவாக விற்கப்பட்டிருந்தால் உங்கள் ஏக்கரின் விலை 96 இலட்சம் வரும். துண்டு பிரிக்கும்போது பாதைக்கு விடும் நிலத்தைக் கழித்தாலும் வித்தியாசம் மிகப் பெரிது. விலை சொல்லுமுன் அயலில் குறைந்தது மூன்று விற்பனைகளை விசாரியுங்கள்.

முற்பணத்திலும் கவனம் தேவை. சிறு தொகையைக் கொடுத்து, ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு விற்பனை உடன்படிக்கை எழுதிக் காணியைக் கட்டிப் போட்டுவிட்டு, அதற்குள் இருமடங்கு விலைக்கு ஆள் தேடுவது தரகர் சிலரின் வழக்கம். இடையில் விலை ஏறினாலும் உங்கள் விலை ஏறாது. உறுதியில் விலையைக் குறைத்து எழுதவும் சம்மதிக்க வேண்டாம். பின்னர் தகராறு வந்தால் உறுதியில் உள்ள தொகையே உங்களுக்கு எதிராகப் பேசும்.

விற்ற பணத்தை என்ன செய்வது என்பதையும் விற்குமுன்னே எண்ண வேண்டும். 2022 செப்ரெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. அதற்கு முந்திய ஆண்டில் காணியை விற்றுப் பணத்தை வங்கியில் வைத்தவரிடம் ரூபாவின் தொகை அப்படியே இருந்தது. அது வாங்கும் அரிசியும் சீமெந்தும் குறைந்துவிட்டன.

விற்காமல் கொடுத்தல்

பாசிக்குடாவில் 1970களில் இருந்த விடுதிகள் யுத்தத்தில் கைவிடப்பட்டன. 2009இல் யுத்தம் முடிந்தபின் அரசு அவ்விடத்தை உல்லாச வலயமாக்கியது. 2011 முதல் புதிய விடுதிகள் திறக்கப்பட்டன. அங்கே கடலோர அரச காணிகள் முதலீட்டாளருக்கு விற்கப்படவில்லை, நீண்டகாலக் குத்தகைக்கே வழங்கப்பட்டன என்பதைக் கவனியுங்கள். நிலத்தின் மதிப்பு ஏறும் இடத்தில் நிலத்தை வைத்துக்கொண்டு பயனை விற்பதே புத்தி என்பதை அரசே காட்டியிருக்கிறது.

தனியார் உறுதிக் காணி உள்ளவர்களும் இவ்வழியை எண்ணலாம். குத்தகை உறுதியும் நொத்தாரிசு முன் எழுதிப் பதியப்பட வேண்டும். காலம் 5 அல்லது 10 ஆண்டுகளாக இருப்பது நல்லது. 50 ஆண்டுக் குத்தகை பேரப்பிள்ளைகளின் காலத்தையும் விழுங்கிவிடும். குத்தகைப் பணம் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை எவ்வளவு கூடும், கட்டிய கட்டிடம் இறுதியில் யாருக்கு, குத்தகைக்காரர் காணியை மறுபடி பிறருக்குக் கொடுக்கலாமா, பணம் தவறினால் என்ன செய்வது ஆகியவை உறுதியில் தெளிவாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டவர் வந்து, "உங்கள் பெயரில் வாங்குங்கள், பணம் நான் தருகிறேன்" என்று சொல்வதும் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்கும் பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிகளுக்கும் காணியை உரிமை மாற்றுவதைத் தடை செய்கிறது. அதைச் சுற்றிப் போவதற்குப் பெயரை இரவல் கொடுப்பவர் கடைசியில் இரு பக்கத்தாலும் இடிபடுவார்.

வாங்க நினைப்போருக்கு

நட்டஈட்டுப் பணத்தையோ வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தையோ கரையோரக் காணியில் முதலிட எண்ணும் குடும்பங்களும் உண்டு. காணி ஓடிப் போகாது என்பது உண்மை. ஆனால் உல்லாசப் பயணி ஓடிப் போவார். 2018இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 23 இலட்சத்திற்கு மேல். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் அவ்வாண்டுத் தொகை 19 இலட்சமாயிற்று. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020இல் 5 இலட்சமும் 2021இல் 2 இலட்சத்திற்கும் குறைவுமே. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அத்துடன் கிழக்குக் கரைக்குப் பருவகாலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையே. வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் கடல் கொந்தளிக்கும், அறைகள் வெறுமையாகும். ஆகையால் கடன் பட்டுக் கரையோரக் காணி வாங்குவதும், உள்ள வயலை விற்று அங்கே போடுவதும் விவசாயக் குடும்பத்திற்கு ஏற்றதன்று.

கட்டலாம் என்று எண்ணி வாங்கிய இடத்தில் கட்ட முடியாமலும் போகலாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டிடம் முதலிய அபிவிருத்திக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வயலாக இருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியின்றி நிரப்ப முடியாது. ஆழிப்பேரலையின் பின் 2005இல் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்ததையும், உல்லாச விடுதிகளுக்கு அதில் விலக்கு இருந்ததையும், பின்னர் தடை தளர்த்தப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அந்தத் தடைக் காலத்தில் இனிக் கட்டவே முடியாது என்று அஞ்சிக் காணியை விற்றவர், தடை தளர்ந்தபின் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஒரு விதி வந்தவுடன் பதறி விற்க வேண்டாம் என்பதே அதன் படிப்பினை.

கரையும் வழியும் கிணறும்

கடற்கரை எவருடைய உறுதிக்குள்ளும் அடங்காது. அது பொதுச் சொத்து. ஆனால் கரைக்குப் போகும் ஒழுங்கைகள் காணிகளுக்கு ஊடாகவே போகின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியே விற்றால் ஒழுங்கையும் போகும். தோணி இழுக்கும் இடமும் கரைவலைப் பாடும் தொழிலாளிக்கு எட்டாமற் போகும். விற்பவர், பாவனையில் உள்ள வழியை வரைபடத்திலும் உறுதியிலும் குறிப்பிடச் செய்வது அயலாருக்குச் செய்யும் கடமை.

தண்ணீரும் அப்படியே. கரையோர மணலில் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பெரிய விடுதி ஆழக் குழாய்க்கிணறு அமைத்து இரவும் பகலும் இறைத்தால் உவர் மேலேறும். அயலில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் தோட்டக்காரரின் கிணறு அதனால் கெடும். ஒருவர் விற்ற காணியின் விலையை அடுத்த தோட்டக்காரரும் செலுத்த நேரிடுகிறது.

ஒன்றாக நிற்பதால் பயன் உண்டு. அறுகம்பைக்குத் தெற்கே பாணமையில் 2010 யூலையில் கரையோர விவசாயக் குடும்பங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டன. சிங்களக் குடும்பங்களே அவர்களிற் பெரும்பாலோர். காணி இழப்பின் நோவுக்கு மொழி வேறுபாடில்லை. அவர்கள் விடாது ஒன்றாகக் கோரினார்கள். 2015 பெப்ரவரியில் காணியைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் நடைமுறைக்கு வரத் தாமதித்ததால் 2016 மார்ச்சில் மக்கள் தாமே தம் நிலத்திற்குத் திரும்பினார்கள்.

இந்தக் காலாண்டில் செய்ய வேண்டியவை

1. உறுதி, அனுமதிப்பத்திரம், வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். நனையாத உறையில் இடுங்கள். எரேமியாவின் மட்பாண்டம் இதுவே.

2. காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைப் பார்வையிடுங்கள். நீங்கள் அறியாத உறுதி எதுவும் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதியாத உறுதி இருந்தால் உடனே பதியுங்கள். பின்னர் எழுதி முன்னர் பதிந்தவர் உங்களை முந்திவிடக் கூடும்.

3. இக்காணி பற்றி ஏதேனும் உறுதி பதிவுக்கு வந்தால் எனக்கு அறிவிக்க வேண்டும் என்று பதிவாளரிடம் முன்னறிவித்தல் கொடுத்து வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. தூரத்தில் வாழ்பவர்களுக்கு இது பெரிய காவல்.

4. போக முடிந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது காணிக்குப் போய் எல்லைக் கல்லைப் பாருங்கள், பற்றையை வெட்டுங்கள், நான்கு தென்னம்பிள்ளையாவது நடுங்கள். அத்துமீறல் கண்டால் கிராம உத்தியோகத்தரிடமும் பொலிசிலும் எழுத்தில் முறையிடுங்கள்.

5. வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பம் வைக்க வேண்டாம். வாங்குபவர் கொண்டுவரும் நொத்தாரிசிடம் மாத்திரம் கேட்காமல், உங்களுக்கென ஒரு சட்டத்தரணியிடமும் கேளுங்கள். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

குழுக் கலந்துரையாடலுக்கு

எமது குழுவில் எத்தனை குடும்பங்களுக்குக் கரையோரத்தில் காணி உண்டு? அவர்கள் கையில் உள்ள பத்திரம் எவ்வகை? எமது ஊரில் கடலுக்குப் போகும் ஒழுங்கைகள் எவை, அவை வரைபடத்தில் உண்டா? பங்காளி ஒருவர் நெருக்கடியில் விற்க முன்வந்தால், அவர் மலிவாக விற்காதிருக்க நாம் கைமாற்றாகவோ சிக்கனக் கடன் சங்கத்தின் மூலமாகவோ என்ன உதவி செய்யலாம்? கடைசி வினாவுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். காணியைக் காப்பது சட்டம் மாத்திரமன்று. வேண்டிய நாளில் ஆயிரம் ரூபா கடன் கொடுக்கும் அயலவரும் காணியைக் காக்கிறார்.